வாய்விட்டுச் சொல்லும் ஜிபார்

ஜிபாருக்குப் பிறவியிலேயே பெரிய குரல். கிர்கிஸ் நாட்டு மலைகளுக்கு நடுவே இருக்கும் அலாய் பள்ளத்தாக்கில் காற்று ஓயாது. பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிடக்கூட அடிவயிற்றிலிருந்து கத்த வேண்டும். ஜிபாரின் அப்பா எல்லைக் கணவாய்ச் சாலையில் லாரி ஓட்டியவர். மகளை முன்சீட்டில் உட்காரவைத்துக்கொண்டு போகும் நாட்களில், "இவ இருந்தா எனக்கு ஹாரன் செலவு மிச்சம்" என்று டீக்கடைகளில் பெருமையடிப்பார்.

பள்ளியில் வாலிபால்தான் அவளுக்கு உயிர். உயரம் போதாததால் வலையோரம் நின்று, அடிக்கிறவர்களுக்குப் பந்தை எடுத்துக் கொடுக்கும் வேலை அவளுக்கு வந்து சேர்ந்தது. அந்த இடத்தில் நிற்கிறவளுக்கு, பந்து எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் மட்டும் போதாது. யார் எங்கே நிற்கிறார்கள், யாருக்கு மூச்சு வாங்குகிறது, யார் பயந்திருக்கிறார்கள் என்பதெல்லாம் தெரிய வேண்டும். ஜிபாருக்குத் தெரிந்தது. பதினெட்டு வயதில் ஓஷ் நகரத்துக்கு வந்து மாகாண அணியில் ஆடினாள். அவள் போட்ட சத்தத்தில் எதிரணிக்காரர்கள் நடுவரிடம் முறையிட்டதுண்டு.

ஒருநாள் எகிறிக் குதித்து இறங்கியபோது முழங்கால் மடங்கி, உள்ளே ஏதோ அறுந்தது. அறுவை சிகிச்சை நடந்தது. நடக்கலாம், ஓடலாம், ஆனால் ஆட்டம் வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

கட்டுப் போட்ட காலை நீட்டிக்கொண்டு வார்டில் படுத்திருந்த அந்த வாரங்களில், ஜிபார் ஜன்னலைப் பார்த்து அழவில்லை. அழுதிருக்கலாம்; ஆனால் அவளுக்கு வேடிக்கை பார்க்க நிறைய இருந்தது. ஒரு நர்ஸ் ஆறு கட்டில்களுக்கு நடுவே எப்படிப் போய் வருகிறாள், எந்தக் கிழவர் எப்போது கூப்பிடுவார் என்று எப்படி முன்கூட்டியே அறிகிறாள் என்று பார்த்துக்கொண்டே இருந்தாள். கட்டுப் பிரித்த மாதமே செவிலியர் கல்லூரியில் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "கால் ஒடிஞ்சு ஆஸ்பத்திரிக்குப் போறவங்க கட்டுப் பிரிச்சா வீட்டுக்கு வருவாங்க. நீ என்னடி, அங்கேயே குடி போயிட்டே!"

வகுப்பில் எல்லோரையும்விட அவள் மூத்தவள். கிர்கிஸ் பிள்ளைகளுக்கு அவள் 'எஜே', உஸ்பெக் வீட்டுப் பிள்ளைகளுக்கு 'ஓபா'. இரண்டுக்கும் அக்கா என்றுதான் பொருள். அக்காவாக இருப்பது அவளுக்குப் பிடித்துமிருந்தது.

அவளுடைய கடைசி வருடத்தில்தான் அந்தப் புதிய ஏற்பாடு வந்தது. நர்ஸிங் மாணவர்களும் மருத்துவ மாணவர்களும் இனி ஒரே அறையில், ஒன்றாகப் பயிற்சி எடுக்க வேண்டும் என்று கல்லூரிக்காரர்கள் சொன்னார்கள். நாளை ஒரே வார்டில் வேலை செய்யப்போகிறவர்கள் இன்றுவரை ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லையே என்பது அவர்கள் நியாயம். நியாயம் சரிதான். ஆனால் முதல் நாள் மருத்துவ மாணவர்கள் ஜன்னல் பக்கம், அறையைச் சூடாக்கும் வெந்நீர்க் குழாயின் கதகதப்பில் போய் உட்கார்ந்துகொண்டார்கள். நர்ஸிங் பிள்ளைகள் கதவோரம் குளிரில் உட்கார்ந்தார்கள். நடுவில் ஒரு கட்டில். கட்டிலில் நோயாளிக்குப் பதிலாக ஓர் ஆளுயரப் பொம்மை. பொம்மைக்கு ஹானிஷா என்று பெயர். யார் வைத்தது என்று யாருக்கும் தெரியாது.

"கதவோரம் காத்து நல்லா வருதா?" என்று ஜன்னல் பக்கத்திலிருந்து ஒருவன் கேட்டான். எர்மெக் என்று பெயர். அர்ஸ்லான்பாப் அக்ரூட் காட்டுப் பக்கத்துப் பையன். நெட்டை, தலை குழல் விளக்கில் இடிக்கும்.

"வருது தம்பி. உங்க பக்கம் புத்தி வருதா?" என்றாள் ஜிபார்.

அறை சிரித்தது. எர்மெக்கும் சிரித்தான். ஆனால் பக்கம் மாறி யாரும் உட்காரவில்லை.

நாலு வாரம் பாடம் கேட்டபின் பொம்மையை வைத்துப் பயிற்சி தொடங்கியது. ஹானிஷாவுக்குக் குழந்தை பிறந்துவிட்டது, இரத்தம் நிற்கவில்லை, என்ன செய்வீர்கள் என்று கேட்டுவிட்டு ஆசிரியை துர்சுனாய் ஓரமாய் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். எர்மெக்தான் அன்றைக்கு டாக்டர். அவனுக்குப் பாடம் நன்றாகத் தெரியும். மூச்சு விடாமல் ஒப்பித்தான். "யாராவது ஆக்ஸிடோசின் போடுங்க, யாராவது நரம்புல ஊசி ஏத்துங்க, யாராவது பிரஷர் பாருங்க!"

மூன்று பெண்கள் ஒரே மருந்துக்கு ஓடி மேசையருகே மோதிக்கொண்டார்கள். பிரஷரை யாரும் பார்க்கவில்லை. ஹானிஷா செத்துப்போனாள்.

இரண்டாம் தடவை எல்லோரும் ஒருவருக்கொருவர் மரியாதை கொடுத்துக் காத்து நின்றதில் மறுபடி செத்தாள். மூன்றாம் தடவை ஜிபார் உள்ளே புகுந்தாள். மருந்தை எடுத்ததும் அவள், ஊசி போட்டதும் அவள், கருப்பையைப் பிசைந்ததும் அவள். தொண்டை கிழியக் கத்திக்கொண்டே எல்லாவற்றையும் தானே செய்தாள். அப்போதும் பொம்மை பிழைக்கவில்லை.

"மருந்து ரெண்டு தடவ போட்டிருக்கீங்க" என்றார் துர்சுனாய். "ஒண்ணு நீ. இன்னொண்ணு மோஹிரா."

"அவ போட்டது எனக்கு எப்படித் தெரியும்? சொல்லவே இல்லையே!"

"சொன்னேன் ஓபா." பேசியது மருத்துவ மாணவி மோஹிரா. பேசினால் பக்கத்தில் இருப்பவருக்கே பாதிதான் கேட்கும், அப்படி ஒரு குரல். "ரெண்டு வாட்டி சொன்னேன். நீங்க கத்துற கத்துல என் குரல் எனக்கே கேக்கல."

ஜிபாருக்குச் சுருக்கென்றது. விடுதிக்குப் போய்ச் சூப்பில் ரொட்டியைப் பிய்த்துப் போட்டபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். ஆடுகளத்தில் தான் இத்தனை வருடம் கத்தியதெல்லாம் எதற்காக என்று யோசித்துப் பார்த்தாள். பந்து இரண்டு பேருக்கு நடுவில் விழக்கூடாது, அதற்காகத்தான் ஒருத்தி 'எனக்கு!' என்று கத்துகிறாள். அதைக் கேட்டதும் மற்றவள் நின்றுவிடுகிறாள். கத்துகிறவள் பாதி ஆட்டம்தான் ஆடுகிறாள். கேட்டு நிற்கிறவள் மீதிப் பாதி. ஜிபார் இன்று ஒரு பாதியை மட்டும் ஆடியிருக்கிறாள்.

மறுநாள் வகுப்பு முடிந்ததும் எல்லோரையும் பின்முற்றத்துக்குக் கூட்டிப் போனாள். பனி கரைந்து சேறாக இருந்தது. வலைக்குப் பதில் ஒரு கயிற்றைக் கட்டி, இரண்டு வகுப்பாரையும் கலந்து பக்கத்துக்குப் பாதியாக நிறுத்தினாள்.

"எஜே, எனக்கு வாலிபால் வராது" என்றான் எர்மெக்.

"இவ்வளவு உயரத்த வச்சுக்கிட்டா? வீட்டுல உத்தரத்துக்கு முட்டுக் கொடுக்கவா உன்னை வளத்தாங்க?"

"சத்தியமா வராது. பந்து வந்தா கண்ண மூடிக்குவேன்."

"மூடிக்கோ. மூடுறதுக்கு முன்னால பக்கத்துல இருக்கறவ பேரச் சொல்லிட்டு மூடு. 'யாராவது'ன்னு மட்டும் சொல்லாத."

எர்மெக் சொன்னபடியே செய்தான். பந்து வந்ததும் "மோஹிரா!" என்று அலறிவிட்டுக் கண்ணை மூடினான். மோஹிரா "எனக்கு" என்று கிசுகிசுத்தாள். பந்து அவள் தலையில் விழுந்தது. சேற்றில் நின்றபடி எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். அன்று சிரித்த பிறகு, ஜன்னல் பக்கம் கதவுப் பக்கம் என்ற பேச்சு தானாகவே குறைந்துபோயிற்று. குளிருக்கு நெருக்கியடித்து எல்லோரும் குழாயோரமே உட்கார்ந்தார்கள்.

ஆட்டத்தைவிட, ஆட்டம் முடிந்தபின் பேசியதுதான் அவர்களுக்கு உதவியது. கறி வைத்துச் சுட்ட சம்ஸா வாங்கித் தின்றுகொண்டே ஒருநாள் எர்மெக் சொன்னான். "எஜே, அன்னைக்கு நான் ஏன் 'யாராவது'ன்னு சொன்னேன் தெரியுமா? உங்க யார் பேரும் எனக்குத் தெரியாது. நாலு வாரமா ஒரே ரூம்ல இருந்துட்டு, அப்பப் போய்ப் பேரு கேட்டா சிரிப்பீங்களேன்னு வெக்கம்."

"நாங்க நெனச்சோம், உனக்குத் திமிருன்னு."

"திமிரு இருந்தா பரீட்சைக்கு முன்னாடி ஏன் வாந்தி எடுக்கறேன்?"

அதன்பிறகு ஒரு பழக்கம் வந்தது. மருந்து சொல்கிறவன் பெயர் சொல்லிச் சொல்ல வேண்டும். வாங்குகிறவள் கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் செய்ய வேண்டும். செய்ததும் 'போட்டாச்சு' என்று சொல்ல வேண்டும். உலகத்தில் வேறு இடங்களிலும் இப்படிச் செய்கிறார்கள், புத்தகத்தில் கூட இருக்கிறது என்று துர்சுனாய் பிற்பாடு காட்டினார். ஜிபாருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

அவளுக்குத் தனியாக ஒன்று கஷ்டமாக இருந்தது. கத்திய கையோடு வாயை மூடிக் காத்திருப்பது. அதற்கு ஒரு வழி வைத்துக்கொண்டாள். எதையும் சொல்லி முடித்தவுடன் மோஹிராவின் வாயைப் பார்ப்பாள். அந்த வாய் அசைந்தால், அறையில் எல்லோரையும் அடக்கிவிட்டு, "சொல்லு" என்பாள். ஹானிஷா மெல்லப் பிழைக்கத் தொடங்கினாள்.

மே மாதத்தில் மாணவர்களை மூவர் மூவராக மலைப்பக்கத்து ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்பினார்கள். ஜிபார், எர்மெக், மோஹிரா மூவருக்கும் ஒரே ஊர் கிடைத்தது. சின்ன ஆஸ்பத்திரி. ஒரே ஒரு மகப்பேறு டாக்டர். பிரசவ அறையில் பாத்மா எஜே என்ற பேறுகால நர்ஸ். பேச்சுக்குப் பேச்சு வெடிச்சிரிப்பு.

ஒரு முற்பகலில் அனார்கூல் என்ற பெண்ணைக் கொண்டுவந்தார்கள். மேய்ச்சல் குடும்பம். மூன்றாவது பிரசவம். ஆடுகளை மலைக்கு ஏற்றும் வேலையெல்லாம் முடித்துவிட்டு நிதானமாக வந்திருந்தாள். பிரசவம் சுலபமாகத்தான் நடந்தது. குழந்தை அழுதது. நஞ்சுக்கொடி வெளியே வந்தது. டாக்டர் வந்து பார்த்துவிட்டு, அடுத்த அறையில் காத்திருந்த அறுவை சிகிச்சைக்குப் போனார்.

அவர் போன கொஞ்ச நேரத்தில் அனார்கூலின் கட்டிலடியில் இரத்தம் சொட்டுவதை ஜிபார்தான் முதலில் பார்த்தாள்.

பாத்மா எஜே எட்டிப் பார்த்ததும் அவர் சிரிப்பு போயிற்று. இரண்டு கையாலும் அனார்கூலின் வயிற்றைப் பிசையத் தொடங்கினார். உதவிக்கு நின்ற பெண்ணிடம் "ஓடு, டாக்டர வரச் சொல்லு" என்றார். பிறகு மாணவர்களைப் பார்த்தார். "என் கை இங்க இருக்கு. எடுக்க முடியாது. பசங்களா, உங்க கை எங்க?"

எர்மெக்கின் முகம் வெளுத்திருந்தது. ஆனால் வாய் திறந்தான். "ஜிபார் எஜே, ஆக்ஸிடோசின் பத்து யூனிட், தொடையில."

"ஆக்ஸிடோசின் பத்து யூனிட், தொடையில." போட்டாள். "போட்டாச்சு."

"மோஹிரா, பிரஷர்."

மோஹிரா பிரஷர் பார்த்தாள். வந்தபோதே அனார்கூலுக்குப் பிரஷர் அதிகம், இன்னும் இறங்கவில்லை. எண்ணைச் சொன்னாள். இரத்தம் நிற்கவில்லை. எர்மெக் அடுத்த மருந்தைச் சொன்னான். "ஜிபார் எஜே, மெதர்ஜின் ஒரு ஆம்பூல்."

"மெதர்ஜின் ஒரு ஆம்பூல்" என்று ஜிபார் சத்தமாகத் திருப்பிச் சொல்லி அந்தக் கண்ணாடிக் குப்பியை எடுத்தாள். தன் வார்த்தை இன்னொருத்தி வாயிலிருந்து வந்ததும் எர்மெக் திடுக்கிட்டான். "வேணாம், வேணாம்! பிரஷர் ஜாஸ்தி. அதைப் போடக்கூடாது. எடுத்ததைக் கீழ வைங்க. நரம்புல ஊசி ஏத்துங்க, சலைன் ஓடட்டும்."

"மெதர்ஜின் இல்ல. சலைன்." ஆம்பூலை வைத்துவிட்டு ஜிபார் அனார்கூலின் கையைப் பிடித்தாள்.

கை குளிர்ந்திருந்தது. இரத்தம் போன உடம்பில் நரம்புகள் பதுங்கிவிடும். ஜிபார் குத்தினாள். கிடைக்கவில்லை. மறுகையில் குத்தினாள். அதுவும் நழுவியது. கல்லூரியில் அவளைவிட நன்றாக நரம்பு பிடிக்கிறவர்கள் கிடையாது. சின்னக் குழந்தைகளுக்கே அவளைத்தான் கூப்பிடுவார்கள். இன்னொரு தடவை முயன்றால் கிடைத்துவிடும் என்று அவள் விரல்கள் சொல்லின. இரண்டு பேருக்கு நடுவில் வந்த எந்தப் பந்தையும் அவள் 'உனக்கு' என்று இன்னொருத்திக்கு விட்டதில்லை. ஆட்ட வாழ்க்கை முழுக்க அப்படி. முழங்கால் போனதே விடவேண்டிய ஒரு பந்தை விடாததால்தான்.

அனார்கூல் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உதடுகளில் இரத்தமே இல்லை.

"எனக்குக் கிடைக்கல" என்றாள் ஜிபார், அறை முழுக்கக் கேட்கும்படி. "எர்மெக், நீ வா. இடது முழங்கை. நான் கையப் பிடிச்சுக்கறேன்."

எர்மெக் மண்டியிட்டான். ஜிபார் அனார்கூலின் கையைப் பிடித்த பிடியில் அவன் மணிக்கட்டையும் சேர்த்துத் தாங்கிக்கொண்டாள். ஊசி ஏறியது. குழாயில் இரத்தம் எட்டிப் பார்த்தது. "கிடைச்சிருச்சு" என்றான், அழுகிற குரலில்.

சலைன் ஓடியது. இரத்தம் உறையவைக்கும் மருந்தும் ஏறியது. வயிற்றைப் பிசைந்துகொண்டிருந்த பாத்மா எஜே, "கெட்டிப்படுது, மறுபடி இளகுது. என்னமோ உள்ள இருக்கு" என்று முனகினார்.

ஜிபார் நிமிர்ந்து மோஹிராவைத் தேடினாள். அவள் ஓரத்தில், தட்டில் கிடந்த நஞ்சுக்கொடியை விளக்குப் பக்கம் திருப்பி வைத்துக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் உதடு அசைந்தது.

"எல்லாரும் பேசாதீங்க!" என்றாள் ஜிபார். அறை அடங்கியது. "மோஹிரா, சொல்லு."

"ஒரு துண்டு குறையுது ஓபா. இந்த ஓரம் பிஞ்ச மாதிரி இருக்கு. உள்ளயே தங்கியிருக்கு."

கதவைத் தள்ளிக்கொண்டு டாக்டர் உள்ளே வந்தது அப்போதுதான். யாரும் அவரைச் சூழ்ந்துகொண்டு ஆளுக்கொன்று சொல்லவில்லை. எர்மெக் ஒருவன் சொன்னான்: எவ்வளவு போயிருக்கும், என்ன மருந்து போட்டாயிற்று, எதைப் போடவில்லை, ஏன், எந்த இடத்தில் துண்டு குறைகிறது. டாக்டர் தலையசைத்தார். ஒரு கேள்வியும் கேட்காமல் கையுறை மாட்டினார். மயக்க மருந்து கொடுத்து, உள்ளே தங்கியிருந்த துண்டை அவர் எடுத்ததும், பாத்மா எஜேயின் கைக்குக் கீழே கருப்பை உருண்டு இறுகியது. இரத்தம் நின்றது.

பாத்மா எஜே கையை எடுத்தார். விரல்கள் மடங்கியபடியே நின்றுவிட்டன. மோஹிரா அந்த விரல்களை ஒவ்வொன்றாய் நீவி விட்டாள்.

ஜிபார் தாழ்வாரத்துக்குப் போய்ச் சுவரில் சாய்ந்தாள். முழங்கால் விண்ணென்று தெறித்தது. எர்மெக் வெளியே போய், வேலியோரம் வாந்தி எடுத்துவிட்டு வந்தான்.

"பரீட்சை இல்லயேடா இது" என்றாள்.

"பாஸா எஜே?"

"உள்ள ஒரு அம்மா மூச்சு விடறா. போய்ப் பாத்துக்கோ."

அனார்கூல் தேறினாள். ஊருக்குப் போகிற நாளில் அவள் புருஷன் இமாஷ் அவித்த ஆட்டுக்கறியும் ஒரு ஜாடி பாலாடையும் கொண்டுவந்தான். வெயிலில் வெந்த முகம், கையில் தொப்பி. மூவரையும் மாறி மாறிப் பார்த்தான். "இதுல எம் பொண்டாட்டியக் காப்பாத்தினது யாரு? கறியில நல்ல துண்ட அவங்களுக்குத்தான் தரணும். முறைன்னு ஒண்ணு இருக்கில்ல?"

மூவரும் ஒருவரை ஒருவர் காட்டினார்கள். இமாஷுக்குக் குழப்பம். இதற்குள் பாத்மா எஜே வந்து தட்டை வாங்கிக்கொண்டார். "இதுங்க சண்டை முடியறதுக்குள்ள கறி ஆறிப்போயிரும். வயசுல மூத்தவ நான், எனக்குத்தான் முறை" என்று நல்ல துண்டை அவரே வாயில் போட்டுக்கொண்டார்.

ஓஷுக்குத் திரும்பியதும், எல்லாப் பிள்ளைகளும் கூடிய கூட்டத்தில் அவரவர் பார்த்ததைச் சொல்லச் சொன்னார்கள். மலைப்பக்கத்துச் செய்தி அதற்குள் ஊரெல்லாம் பரவியிருந்தது. ஜிபார் எழுந்தபோது பின்வரிசையில் கைதட்டக்கூடத் தயாராக இருந்தார்கள்.

"எனக்கு நரம்பு கிடைக்கல" என்று அவள் ஆரம்பித்தாள். "ரெண்டு கையிலயும் குத்தினேன். மூணாவது தடவையும் நானே குத்தணும்னுதான் நெனச்சேன். அவங்களுக்காக இல்ல, என் பேருக்காக. அது எனக்கு நல்லாத் தெரிஞ்சது. அப்புறந்தான் எர்மெக்கக் கூப்பிட்டேன்."

கை தட்டத் தயாராக இருந்தவர்கள் கையை மடியில் வைத்துக்கொண்டார்கள். பிறகு எர்மெக், மெதர்ஜின் கதையைத் தானே எழுந்து சொன்னான். அவன் உட்கார்ந்ததும் நடுவரிசையிலிருந்து ஒரு நர்ஸிங் பெண் எழுந்தாள். தான் ஒரு முதியவருக்குப் பக்கத்துக் கட்டில்காரரின் மாத்திரையைக் கொடுக்கப் போனதையும், வாய்க்குக் கொண்டுபோன பிறகே கவனித்ததையும் சொன்னாள். யாரிடமும் அதுவரை சொல்லவில்லையாம். அவளுக்குப் பிறகு இன்னும் பலர். கூட்டம் முடிய மதியம் தாண்டிவிட்டது. துர்சுனாய் ஒருவரையும் திட்டவில்லை. கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

எர்மெக் இப்போது ரஷ்யாவில், சைபீரியப் பக்கம் ஒரு நகரத்தில் மயக்க மருந்து டாக்டர். அங்கே குளிர் தாங்கவில்லை என்று புலம்பிச் செய்தி அனுப்புவான். மோஹிரா ஓஷிலேயே மகப்பேறு டாக்டராகிவிட்டாள். குரல் இன்னும் அப்படியேதான். ஆனால் அவள் பிரசவ அறையில் வாய் திறந்தால், தரை துடைக்கிறவர்கூடத் துடைப்பத்தை நிறுத்திக்கொண்டு கேட்பார்.

அந்த அறையின் தலைமை நர்ஸ் ஜிபார். அவளும் மோஹிராவும் வாரத்துக்கு ஒரு தடவையாவது சண்டை போடுவார்கள். கட்டில்களை எந்தப் பக்கம் தள்ளுவது, புதுப் பிள்ளைகளில் யாரை எங்கே விடுவது என்று ஏதாவது ஒன்று. சண்டை போட்டுவிட்டுச் சேர்ந்தே சாப்பிடப் போவார்கள். சமீபத்தில் ஜிபார் கல்யாணம் செய்துகொண்டாள். மாப்பிள்ளை பேருந்து ஓட்டுகிறவர், அதிகம் பேசாத மனிதர். விருந்தில் அம்மா அவரைத் தனியே அழைத்துப்போய் எச்சரித்தாளாம்: "தம்பி, என் மக சத்தம் ஜாஸ்தி. இப்பவே சொல்லிட்டேன்."

அவர் சற்று யோசித்துவிட்டுச் சொன்னாராம்: "பரவாயில்ல அத்தை. அவ சொல்லி முடிச்சதும் நான் என்ன சொல்றேன்னு நின்னு கேக்கறா. எங்க வீட்டுல இதுவரைக்கும் யாரும் அப்படிக் கேட்டதில்ல."